தலைமை விதவை

"அய்யோ, என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாரே... பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டாரே..."

விதவை விம்மிய விம்மலில், கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட பையனுக்கே போனில் குரல் கம்மிவிட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம கூப்பிட்டுட்டேன். எப்போ தவறினார்?"

"இப்பதான்ப்பா. உன் போன் மணி கேட்டுச்சு, நெஞ்சைப் பிடிச்சார்."

பையன் லைனைத் துண்டித்துவிட்டான். விதவை மீசையைத் துடைத்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்த வறுத்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கடித்தார். இறந்துபோன எவெலியோவும் அவரேதான்.

பாரங்கியா ஊரில் கார்னிவல் திருவிழா முடிகிற செவ்வாய்க்கிழமை ஆண்கள் கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு பொம்மைப் பிணத்துக்கு ஒப்பாரி வைப்பார்கள். அதில் எவெலியோதான் தலைமை விதவை. வருஷத்துக்கு ஒருநாள் வெளியே வந்த அந்தத் திறமை, விற்பனை போன்களும் மோசடி போன்களும் பெருகிய பிறகு தினமும் வெளியே வந்தது. மச்சான் வில்ஃப்ரிதோ பாதிரியாராகப் பின்னாலிருந்து ஜெபம் முணுமுணுப்பான்.

"இது எத்தனையாவது சாவு?" என்றாள் மனைவி நுபியா.

"எண்ணுறதை விட்டுட்டோம்கா," என்றான் வில்ஃப்ரிதோ. "நேத்து காலைல ஒரு அடக்கம், சாயங்காலம் ஒரு அடக்கம்."

நுபியா சிரிக்கவில்லை. "ஆளு உசுரோட இருக்காரான்னு கேட்டு பென்ஷன் ஆபீஸ்ல இருந்து இந்த வாரம் கூப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா? கொத்து வேலைல சிமென்ட்டு தின்ன உன் கட்டைவிரல் ரேகை பேங்க் மெஷின்ல பதியல. போன்ல 'நான்தான்'னு நீ வாயைத் திறந்து சொன்னாதான் பணம். இல்லேன்னா ரெண்டு பேரும் உன் ஒப்பாரியைத்தான் தின்னணும்."

"ஆபீஸ்காரங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். போன ஞாயித்துக்கிழமை மார்செலா குரல் தெரிஞ்ச மாதிரி."

எவெலியோவின் முகம் சுருங்கியது. மார்செலா, பக்கத்து வீட்டு யாதிராவின் மருமகள். பொகோட்டாக்காரி, லீவுக்கு வந்தவள். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தலைநகரத்து ஆட்களுக்கே உரிய பவ்யத்தோடு அவரை ஒற்றைக்காலில் நிறுத்தி தேசிய கீதம் பாடவைத்தாள். தெருவே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னொரு தடவை கூப்பிடட்டும்," என்றார் எவெலியோ. "யாருக்கு யார் அப்பன்னு அப்போ காட்டுறேன்."

அந்த நேரம் பார்த்து யாதிரா வீட்டு ஆளுயர ஸ்பீக்கர்கள் அலற ஆரம்பித்தன. பொகோட்டா மருமகளின் தலைவலிக்குப் பயந்து இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்தவை. இங்கே ஜன்னல் கம்பி வரைக்கும் அதிர்ந்தது.

"யாதிராவைப் பாத்துட்டு வரேன்," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் நுபியா. "போன் வந்தா மனுஷனா பேசு."

தட்டு காலியாகும்போது போன் அடித்தது. எவெலியோ ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். திரு. எவெலியோ அவர்கள் நலமாக இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொள்ளலாமா?"

அச்சு அசல் பொகோட்டா. பவ்யம் சொட்டியது. அவள் பக்கம் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

எவெலியோ போனைக் கையால் மூடினார். "மச்சான், மார்செலா! உங்கக்கா இப்பதானே அந்த வீட்டுக்குப் போனா? ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற கூத்து இது."

வில்ஃப்ரிதோ மேஜை விரிப்பை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். போனில் தெரியாது என்றாலும் பாதிரியாருக்கு அங்கி வேண்டுமே.

"நலமான்னா கேக்குற மகளே," என்று எவெலியோ கேவினார். "மகராசன் போய்ச் சேந்துட்டார்."

"தாங்கள் யார்?"

"அவரோட விதவை."

"குரல் சற்று..."

"அழுது அழுது கட்டிப்போச்சும்மா."

"அப்படியானால் இறந்துவிட்டதாகவே பதிவு செய்யட்டுமா, அம்மா? பிறகு மாற்றுவது மிகவும் கடினம்."

"பண்ணு தாயி. பாக்க லட்சணமான ஆளுன்னும் சேத்து எழுதிக்கோ."

"இதற்குச் சாட்சி சொல்ல யாரேனும் இருக்கிறார்களா?"

வில்ஃப்ரிதோ போனைப் பிடுங்கினான். "பாதிரியார் பேசுறேன். என் கையாலதான் மண்ணு போட்டேன். பெட்டி பத்தல, முழங்காலை மடக்கித்தான் வெச்சோம்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பதிவாகிவிட்டது. ஆழ்ந்த இரங்கல்."

போன் அடங்கியதுதான் தாமதம், பிணமும் பாதிரியாரும் ஒருவர் முதுகை ஒருவர் அறைந்துகொண்டு தரையில் உருண்டார்கள். நுபியா தேங்காய்ச் சோற்றுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோதும் அவர்களால் எழுந்திருக்க முடியவில்லை.

"என்ன இளிப்பு?"

"நடிக்காதடி," என்றார் எவெலியோ, கண்ணைத் துடைத்தபடி. "பென்ஷன் ஆபீஸ்னு சொன்னா பயந்துபோய் 'உசுரோட இருக்கேன், உசுரோட இருக்கேன்'னு கெஞ்சுவேன்னு பாத்தீங்களா? உன் மார்செலா வாயாலயே நான் செத்ததைப் பதிவு பண்ண வெச்சுட்டேன்."

நுபியா கிண்ணத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டின் அதிர்வில் கிண்ணத்துக் கரண்டி தடதடத்தது.

"மார்செலா இப்போ பிளேன்ல இருக்கா."