பெரியவரின் பெயர்

உள்சங்கிலியை எடுக்காமல், நான்கு விரல் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தாள் இந்திராணி.

வெளியே சுலோச்சனா நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். திருப்பூரின் லைன் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஒருவரும் பார்க்காத நேரம்.

"நாந்தான், இந்திராணி. நானும் வெளிய வந்துட்டேன் கண்ணு."

நானும் வெளிய வந்துட்டேன்.

அந்த வாக்கியம் இந்திராணியுடையது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, கோபி டவுனில், இதே சுலோச்சனாவின் வீட்டு வாசலில் நின்று இந்திராணிதான் அதைச் சொன்னாள்.

அப்போது இந்திராணி 'இல்லத்தில்' இருந்தாள். மலையடிவாரத்தில் பெரியவர் நடத்திய ஆசிரமத்துக்கு அப்படித்தான் பெயர். அங்கே எல்லாம் பெரியவர் சொல்வதுதான். ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைத்துவர அவர் ஆள் அனுப்புவார். சுலோச்சனா ஓடிப்போனபோது இந்திராணியை அனுப்பினார். எப்படி நிற்க வேண்டும், என்ன பேச வேண்டும், எல்லாம் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒரே ஒரு பை போதும். முதலில் தண்ணீர் கேள். நீ அழாதே, அவள் அழட்டும்.

சுலோச்சனா அழுதாள். கட்டிக்கொண்டாள். தன் பாயிலேயே படுக்க வைத்தாள்.

நான்காம் நாள் சுலோச்சனாவை ஏற்றிப்போக இல்லத்து வேன் தெருமுனைக்கு வந்தது.

அதன்பிறகு ஒரு வருடம் சுலோச்சனாவோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. மாவரைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். யார் காலடி கேட்டாலும் நிமிர்ந்து பார்ப்பாள். இந்திராணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போன இந்திராணி இல்லத்துக்குத் திரும்பவில்லை.

இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விலாசம் யாருக்கும் கொடுத்ததில்லை.

"கொஞ்சம் தண்ணி குடு."

தோளில் ஒரே ஒரு பை.

கதவிடுக்கு வழியே டம்ளரை நீட்டினாள். நீட்டும்போதே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். துணி மூட்டை ஏற்றிய ஒரு டெம்போ நின்றிருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. படுத்துக்கூட இருக்கலாம்.

"வீடு எப்படித் தெரியும்?"

"பனியன் கம்பெனி கம்பெனியா விசாரிச்சேன். உங் கம்பெனி கேட்டுல மூணு நாள் நின்னேன். நேத்து உம் பின்னாலயே வந்தேன்."

"எங்கிட்ட எதுக்குக்கா வந்தீங்க?"

"வெளிய என்னையத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான கண்ணு."

பொய் என்றால், நல்ல பொய்.

உண்மையாக இருந்தால்? அதை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அவரு பேரச் சொல்லுங்க பாக்கலாம்."

இல்லத்தில் பெரியவரின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. சொன்ன நாக்கு அழுகிப் போகும் என்பார்கள்.

சுலோச்சனா டம்ளரைக் கீழே வைத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"குழந்தை..."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எடுத்தாள்.

"...வேலு."

சொல்லிவிட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடித்த தண்ணீர் முழுவதும் வாந்தியாக வந்தது.

இந்திராணி சங்கிலியை எடுத்தாள். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தாள். முகம் துடைக்கத் துண்டு கொடுத்தாள்.

ஆனாலும் மனம் விடவில்லை. இதையும் பெரியவரே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பாரோ?

"இப்ப நீ சொல்லு," என்றாள் சுலோச்சனா. துண்டு இன்னும் முகத்தில் இருந்தது.

"எதைக்கா?"

"அவரு பேர. நீ நெசமாவே வெளியதான் இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்திராணி சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டு வருடமாக, தையல் மெஷின்களின் இரைச்சலுக்குள், யார் காதிலும் விழாமல், சொல்லிச் சொல்லிப் பழகியது. முதல் வாரம் முழுக்க அவளும் பாத்ரூமுக்கு ஓடியிருக்கிறாள்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுலோச்சனா துண்டை இறக்கிவிட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் இந்திராணிக்கு நினைவு வந்தது.

கோபியிலும் சுலோச்சனா இதையே கேட்டாள். அன்றும் இந்திராணி இப்படித்தான் சொன்னாள். ஒரு தடங்கலும் இல்லாமல். பெயரைச் சொல்லப் பெரியவரே அனுமதி கொடுத்து அனுப்பியிருந்தார்.

சுலோச்சனா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

இனி இந்திராணி எதைச் சொன்னாலும், அது முன்பு ஒருமுறை சொன்னதாகவே இருக்கும்.

எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து சுலோச்சனா முன்னால் வைத்தாள்.

சுலோச்சனாவின் கன்னங்கள் ஒட்டிப் போயிருந்தன. சாப்பிட்டு எத்தனை நாளோ. சோற்றில் ஏதாவது கலந்திருக்குமோ என்பது போலத் தட்டையே பார்த்தாள். கையை நீட்டவில்லை.

இந்திராணி எதிரே உட்கார்ந்தாள். அதே தட்டிலிருந்து ஒரு வாய் பிசைந்து எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

சுலோச்சனா அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாய்," என்றாள்.

இந்திராணி சாப்பிட்டாள்.