கம்பளத்தில் நரை

வீட்டில் வளர்த்த கறுப்பு நாயை, தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டதாகக் கணவன் சொல்லி ஆறு வருடமாகிறது. யார் அந்த நண்பர் என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

சனிக்கிழமைதோறும் அவள் ரப்பர் கையுறையை நனைத்து, கம்பளத்தை ஒரே பக்கமாக இழுத்துத் தேய்ப்பாள். ஒரு பிடி கறுப்பு முடி திரண்டு வரும். புதுக் கம்பளம் வாங்கி விரித்தும் அது நிற்கவில்லை. மூன்றாம் வருடம் முடி நரைக்கத் தொடங்கியது. போன வாரம் வந்தது முழுக்க வெள்ளை, சேறும் ஒட்டியிருந்தது.

இந்த வாரம் கையுறையில் ஒன்றுமே வரவில்லை.

"ஒருவழியா முடி நின்னுச்சு. இப்பதான் வீடு வீடா இருக்கு," என்றான் கணவன், கம்பளத்தின் மேல் காலை நீட்டிக்கொண்டு.

"அந்த ஃப்ரெண்டுக்கு ஒரு போன் போடுங்க," என்றாள்.

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அவள் கையுறையை மறுபடி நனைத்துக்கொண்டு மண்டியிட்டாள்.