பழந்தானே மாறியிருக்கு

“அப்பா, ப்ளீஸ், இறங்காதீங்க! கார்லயே இருங்க!”

மானஸா பள்ளித் தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். அதற்குள் ஜம்புநாதன் காரைப் பூட்டியே விட்டார்.

“ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? நான் வாங்கிக் குடுத்த ஆப்பிள் கன்னு முதல்முதலா காய்ச்சிருக்கு. டீச்சர் இன்வைட் பண்ணியிருக்காங்க. பாக்க வேணாமா?”

“போட்டோ எடுத்துட்டு வரேன்ப்பா. இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரீ!”

அவள் பயம் மரத்தைப் பற்றியது அல்ல. அதன் அடியில் இன்று காலை நட்ட பலகையைப் பற்றியது. அதில், மரம் கொடுத்தவர் பெயராக, கொட்டை எழுத்தில் ‘ஜோனதன்’ என்றிருந்தது.

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்தில் அப்பா பெயரைச் சொன்னபோது, “ஜம்ப்! ஜம்ப்!” என்று ஒருவன் குதித்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே பள்ளிப் படிவத்தில் அப்பா பெயரை ‘ஜோனதன்’ என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று வருடமாக அப்பாவை இந்தப் பக்கமே வரவிடவில்லை. மரக்கன்றைக்கூட அவளே தூக்கி வந்தாள்.

“அங்க ஒரு போர்டு தெரியுதே, என்ன எழுதியிருக்கு?” அப்பா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“அது... அது ஆப்பிளோட பேருப்பா.” வாயில் வந்ததைச் சொன்னாள்.

“ஆமா, ஜோனதன். பழைய காலத்து ரகம். நல்லா செக்கச்செவேல்னு இருக்கும்.”

மானஸாவுக்குப் போன உயிர் வந்தது. நிஜமாகவே அப்படி ஓர் ஆப்பிளா! ஆனால் டீச்சர் வாய் திறந்தால்?

வாசல் மேசையில் வருபவர்கள் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் வைத்திருந்தார்கள். ஜம்புநாதன் குனிந்து, நிதானமாக எழுதி, நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரும்பினார்.

‘ஜோனதன்’.

“டீச்சரோட முதல் மெயிலே ‘டியர் ஜோனதன்’னுதான் வந்துது. அதான் நர்சரி நர்சரியா தேடி அந்த ரகத்தையே வாங்கினேன். என்னைக்காவது நீ மாட்டிக்கிட்டா, ஆப்பிள் பேருன்னு சொல்லிக்கலாம் பாரு.” சிரிக்க முயன்றார். “ஜம்புன்னா நாவப்பழம். பழந்தானே மாறியிருக்கு!”

பிறகு ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஸ்பெல்லிங் சரியா இருக்காம்மா?”