யார் பார்த்த பிரசவம்?

“பிரசவம் பார்க்க மருத்துவச்சி வரவே இல்லை சார். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தாங்க.”

கூடத்தில் கணவன் சொன்னது, உள்ளறையில் படுத்திருந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் விடவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்க லிஸ்ட்ல இருக்கற மருத்துவச்சி பார்த்த பிரசவம்னாதான் பாலிசி செல்லும். இல்லேன்னா பிரசவத்துக்கப்புறம் உங்க சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரியில ஆன செலவு மொத்தமும் உங்க தலையிலதான்.”

“தெரியும் சார்.”

“அப்போ குழந்தையை எடுத்தது யாரு?”

“நான்தான். கால் முதல்ல வந்துது. ஆம்புலன்ஸ் வரலை. இழுத்துட்டேன்.”

“நீங்க லாரி மெக்கானிக்தானே? ஸ்பேனர் பிடிக்கற கையால இழுத்தீங்களா? விவரம் தெரிஞ்சவங்க எடுத்திருந்தா ஒருவேளை குழந்தை பிழைச்சிருக்கும்.”



“ஆமா சார். தப்பு என்னோடதுதான்.”

உள்ளே அவள் போர்வையைத் தள்ளினாள். தரையில் முட்டி போட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, “கண்ணைத் திறடி, என்னைப் பாருடி” என்று அதட்டி அதட்டியே அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தது அந்த மருத்துவச்சி அக்காதான். இந்த மனுஷன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதோடு சரி.

சுவரைப் பிடித்தபடி எழுந்து கூடத்துக்கு வந்தாள். “சார், அது வந்து...”

“நீ உள்ள போ!”

அவன் குரலில் அப்படியொரு கடுமையை அவள் கேட்டதே இல்லை.

வந்தவர் எழுதிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெடித்தாள். “மனுஷனாங்க நீங்க? என் உயிரைக் காப்பாத்தினவங்களை வரவே இல்லைன்னு வாய் கூசாமச் சொல்றீங்க! குழந்தை போன கோவத்தை அவங்க மேல காட்டறீங்களா? அக்கா முகத்துல இனிமே எப்படி முழிப்பேன்?”

அவன் சுவரோரமாக உட்கார்ந்தான். தலையைத் தூக்காமல் பேசினான்.

“உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்கன்னுதான் அக்காவும் சொன்னாங்க. சொன்னா நமக்குப் பணம் வந்துடும். ஆனா, கால் முதல்ல வர்ற குழந்தையை மருத்துவச்சி தொடக் கூடாதாம். ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணுமாம். தொட்டாங்கன்னு தெரிஞ்சா லிஸ்ட்லேர்ந்து பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் பாலிசி இல்லாம அவங்களைக் கூப்பிட இங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? இந்தப் பக்கத்துக்கே அவங்க ஒருத்தர்தான்.”

அவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான்.

“எதிர் வீட்டுப் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். நம்ம குழந்தையை நான் கொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு வலி எடுக்கறப்ப அக்கா வரணும்.”