கூறைப்பட்டில் ஒரு கவுன்

"கவுனா? தாலி கட்டுகதுக்கா?"

சிவகாமியம்மாள் போட்ட சத்தத்தில், கவடியாரின் அந்த டிசைனர் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூடாமணிக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. கல்யாணப் பெண்ணோ கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். சூடாமணியின் ஒரே மகள், ஸ்ரீப்ரியா.

போட்டிருந்தது கடையில் காட்டுவதற்கு வைத்திருந்த மாதிரி உடுப்பு. முன்னால் பார்த்தால் கொசுவம் வைத்த பட்டுப்புடவை. பின்னால் பார்த்தால் துரைசாணி கவுன். தோளில் முந்தானைக்குப் பதிலாக ஜரிகை போட்ட கேப் ஒன்று தொங்கியது.

"வெறும் கவுன் அல்ல ஆன்ட்டி, இண்டோ-வெஸ்டர்ன். இப்போ இதாணு டிரெண்ட், கேட்டோ" என்றாள் கடைக்காரி ஸ்வப்னா, மலையாளம் கலந்த தமிழில்.

"டிரெண்டாம் டிரெண்டு! சூடாமணி, உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? மககிட்ட சொல்லேன்!"

சூடாமணியின் கணவர் தாணுலிங்கம் காலமான பிறகு, அந்தக் கரமனை வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பது அவருடைய அக்காள் சிவகாமியம்மாள்தான். கெட்ட மனுஷி இல்லை. வரன் பார்த்ததும் மண்டபம் பிடித்ததும் அவள் தயவு. நாக்கு மட்டும் அரிவாள்மணை. அவளைப் பகைத்துக்கொண்டால் பாதிச் சொந்தம் பந்தலில் கால் வைக்காது.

சூடாமணி மகளிடம் போய்க் கெஞ்சினாள். "மக்ளே, அத்தை சொல்லுகதக் கேளேன். தகப்பன் இல்லாம வளந்த பிள்ளை, அதான் தறிகெட்டுப் போச்சுண்ணு நாலு பேரு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்மா."

"மாப்பிள்ளை வீட்டுல கூறைப்பட்டு எடுத்தாச்சே, அத என்ன செய்ய?"

"அதுலதான் இதத் தைக்கப் போறோம். அனந்துக்க அம்மைகிட்ட கேட்டாச்சு. வரப்போற மாமியாருக்கே சம்மதம்."

சிவகாமியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "கூறையவா வெட்டப் போறே?"

அவள் அதிர்ச்சிக்கும் காரணம் இருந்தது. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் கூறைப்புடவையை, சுமங்கலிகள் கூடி அறைக்குள் வைத்து மணப்பெண்ணுக்கு உடுத்திவிடுவது அவர்கள் வழக்கம். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு உடுத்திவிட்ட ராசிக் கை அவளுடையது. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தில் அந்தக் கைக்கு வேலை இல்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஸ்வப்னா பேச்சை மாற்றினாள். "ஸ்ரீப்ரியா, தைக்கும்போ சைடில ஒரு ஸிப் வைக்கட்டே? தனியா போட்டுக்கலாம். ஈஸி அல்லே?"

"வேண்டாம். இதுல உள்ளது மாதிரி முதுகுல பொத்தான் போதும். கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும், நெருக்கமா."

"கை எட்டாது கேட்டோ. போட்டுவிட ஒரு ஆளு வேணும்."

"தெரியும். வைங்க."

சூடாமணிக்கு எரிச்சலே வந்துவிட்டது. பெற்ற மகளானாலும் இத்தனை பகட்டு ஆகாது. நாளைக்கு ஊர் வாய்க்கு மெல்ல அவலாகப் போகிறவள் இவளா? பெற்றவள் அல்லவா?

ஸ்ரீப்ரியா அத்தை பக்கம் திரும்பினாள். "அத்தே, ஒரு சந்தேகம். கூறை உடுத்திவிட ஒரு முறை இருக்குல்லா? இத உடுத்திவிட என்ன முறை?"

"முறையா? இந்தச் சட்டைக்கா? முறையும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது. எவ வேணும்னாலும் மாட்டிவிடட்டும். நான் தொடமாட்டேன், பாத்துக்கோ!"

சொன்ன வேகத்தில் சிவகாமியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தப் பக்கம் ஸ்வப்னாவும் மெதுவாக நழுவினாள்.

ஸ்ரீப்ரியா சிரித்தாள்.

"சிரிப்பா வருது உனக்கு? அத்தை கோவிச்சுக்கிட்டுப் போறாங்க. இனி உன் பக்கத்துல யாருடீ வருவா? கை எட்டாத இந்தப் பொத்தான யாரு போட்டுவிடுவா?" சூடாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்ரீப்ரியாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் முன்னால் வந்து, கூந்தலை ஒதுக்கிவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். கழுத்தருகே சில பொத்தான்கள் இன்னும் போடாமல் கிடந்தன.

"நிச்சயத்தன்னைக்கு எனக்குப் புடவை உடுத்தும்போ, உன்ன மட்டும் கதவுக்கு வெளிய நிக்க வச்சாங்கல்லா? நீயும் ஒண்ணும் பேசாம நின்னே. இதுக்குத்தான் முறையே கெடையாதுண்ணு அத்தையே சொல்லியாச்சே... போடும்மா. முகூர்த்தத்துக்கும் நீதான் போட்டுவிடணும்."