இன்னொரு ஸ்க்ரூ

"இன்னொரு ஸ்க்ரூ போடுங்கண்ணே."

"ஏம்மா, பீரோவைச் சுவத்தோட சேத்து விலங்கே மாட்டியாச்சு. இனி நிலம் ஆடினா வீடுதான் விழும், பீரோ நிக்கும்!" என்று சிரித்தார் தச்சர்.

அவள் சிரிக்கவில்லை. பீரோவை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அப்படியும் மனசு கேட்காமல், குழந்தையின் கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டாள்.

எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார் தச்சர்.

"கிளாம்ப் நல்ல கனம்மா. ஆனா பாக்கெட்ல இவ்வளவு தூசியா? எப்ப வாங்கினது?"

"போன வருஷம். ஞாயித்துக்கிழமை மாட்டிக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தார். நானும் சரி சரின்னு விட்டுட்டேன்."

"இப்பவாவது மாட்டினீங்களே. இனி பாப்பா நிம்மதியாத் தூங்கும்."

அப்போது தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி அந்த வீட்டுக்காரி உள்ளே வந்தாள். "முடிஞ்சுதாக்கா? நீங்க வாங்கின கிளாம்ப் எல்லாத்தையும் புதுசா குடிவந்த எங்க வீட்லயே மாட்டிட்டீங்களே, எதிர்ல உங்க வீட்டுக்கு வேணாமா?"

ஸ்க்ரூ போடச் சொன்னவள் குழந்தையின் பாதத்தை மெல்லத் தொட்டாள்.

"போன நிலநடுக்கத்துலயே எங்க பீரோ விழுந்துடுச்சும்மா. அது பக்கத்துல தூங்க இப்ப யாரும் இல்ல."

தச்சர் இன்னொரு ஸ்க்ரூவை எடுத்தார்.