ஜெமீலாவின் ஜின்

பெருநாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டதும் ஐந்து வயது ஜெமீலா அலறித் தரையில் புரண்டாள். எந்தப் புதுச்சட்டைக்கும் இதே கூத்துத்தான்.

“துணி உரசினா அவளுக்குத் தாங்கேலாது” என்றாள் உம்மா சுலைஹா.

“இல்ல, ஜின் புடிச்சிரிக்கி” என்ற வாப்பா ஆதம்பாவா, தலைப்பா கட்டிய, ஜின் ஓட்டும் லெவ்வையைக் கூட்டிவந்தார்.

லெவ்வை தாயையும் மகளையும் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். சற்று நேரத்தில் சுளீர் சுளீரென்று பிரம்படி கேட்டது. வாசலில் நின்ற வாப்பா மனம் பொறுக்காமல் ஓடினார்.

“போதும் லெவ்வை, உட்டுருங்க!”

பழைய சட்டையோடு நின்ற ஜெமீலாவின் கையில்தான் பிரம்பு இருந்தது. கொடியில் தொங்கிய புதுச்சட்டையைச் சிரித்துச் சிரித்து விளாசிக்கொண்டிருந்தாள்.

“கஞ்சி போட்ட துணிக்குள்ளதான் ஜின் இரிந்திச்சி. இனிப் பழசையே போட்டு உடுங்க” என்றார் லெவ்வை.

“உங்கட தலைப்பா எங்க?” என்றார் வாப்பா.

லெவ்வை நெற்றியைச் சொறிந்தபடி கொடியைக் காட்டினார்.

“அதுக்குள்ளயும் ஒண்டு இரிக்கி. அடுத்த அடி அதுக்குத்தான்.”